பெயரிற் பொய்: இணைய முகவரிகளும் இளஞ்சிறாரும்

வன்னி நாட்டு ஊர்ப்பெயர்களுட் பல நீரைச் சொல்லுவன. மாங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம், இரணைமடு, முத்தையன்கட்டு என வரும் பெயர்களைக் கேட்ட வழிப்போக்கன், அவ்வூர்களை முன்னர்க் கண்டறியாதவனாயினும், ஆங்கே குளமும் கட்டும் வயலும் உண்டென நம்பி நடந்தான். பெயரை நம்பி வந்தவன் நீரைக் கண்டான். 2009ஆம் ஆண்டின் பின் மீளக் குடியேறிய நம் மக்கள் மற்றொரு வகைப் பலகையையும் நம்பக் கற்றனர். மண்டையோட்டுக் குறியுடன் செந்நிறத்தில் நாட்டப்பெற்ற மிதிவெடி எச்சரிக்கைப் பலகையே அது. எழுத்துக் கூட்டி வாசிக்க அறியாத குழந்தையும் அதனைக் கண்ட மாத்திரத்தே நின்றது.

அப்பலகையைப் பிடுங்கிவிட்டு, அவ்விடத்தில் ‘சிறுவர் விளையாட்டிடம்’ என்று எழுதி நாட்டியவன் ஒருவன் இருந்தானாயின், அவனை யாது செய்வோம்? வெடியைப் புதைத்தவன் அவனல்லன். எவரையும் கைப்பிடித்து உள்ளே இழுத்தவனும் அல்லன். அவன் செய்ததெல்லாம் பெயரை மாற்றியதே. எனினும் அவன் குற்றவாளி அல்லன் என்று கூற எவரும் துணியார். இணையவுலகில் இத்தகைய பலகை நாட்டுவோர் உளர். சிறுவர் விரும்பும் பெயரை, அன்றேல் அதனோடு ஓரெழுத்தே வேறுபட்ட பெயரைப் பூட்டி, அதன் பின்னே ஆபாசக் காட்சிகளை வைப்பது அவர்தம் தொழில். அக்காட்சிகளைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். பெயரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஈண்டு யாம் ஆராயப் புகுவது பெயரை மட்டுமே.

இவ்வாராய்ச்சிக்கு உடனடிக் காரணமாய் அமைந்தது நம் நாட்டிலேயே நிகழ்ந்ததொன்று. 2026ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்துக்கென அச்சிடப்பட்ட ஆறாந் தர ஆங்கிலப் பாட அலகில், பார்வைக்குக் குற்றமற்றதாய்த் தோன்றும் ஓர் இணைய முகவரி இடம்பெற்றிருந்தது. அம்முகவரி சிறுவர் காணத்தகாத தளமொன்றுக்கு இட்டுச் செல்வது 2025 டிசம்பர் இறுதியில் வெளிப்பட்டது. கல்வி அமைச்சு அந்நூலின் விநியோகத்தை நிறுத்தியது. தேசிய கல்வி நிறுவகம் விசாரணை தொடங்கியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலும் முறைப்பாடு செய்யப்பட்டது. அரசியற் புயலொன்று எழுந்தது. 2026 ஜனவரியில், ஆறாந் தரச் சீர்திருத்தத்தையே 2027ஆம் ஆண்டுக்கு ஒத்திவைப்பதாக அரசு அறிவித்தது. ஒரு சிறு வரி அச்செழுத்து ஒரு நாட்டின் கல்வித் திட்டத்துக்கு வந்த இடையூறுகளில் இடம்பிடித்தமை நினைக்கத்தக்கது. அம்முகவரியை யாம் இங்கே எழுதப்போவதில்லை. எழுதின், நூலில் நேர்ந்த பிழை மலரிலும் நேர்ந்ததாகும்.

அந்நாட்களில் எழுந்த கூக்குரலிடையே, யார் இதனைச் செய்தார் என்ற வினாவே மேலோங்கி நின்றது. குற்றமற்ற ஒரு பெயர் எவ்வாறு அத்தகைய இடத்துக்கு வாயிலாக முடிந்தது என்ற வினா அமுங்கிப் போயிற்று. அதற்கு விடை காண்பதற்கு, இணையப் பெயர்கள் பிறக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. மனிதருக்கு எண்களை நினைவில் வைத்தல் அரிது. ஆதலின் 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் போல் மொக்காபெட்ரிஸ் என்பார் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஒழுங்கொன்றை வகுத்தார். நாம் ஒரு பெயரைத் தட்டெழுதியதும், பெயரேட்டைக் காக்கும் கணினிகள் அதற்குரிய எண்ணைத் தேடித் தருகின்றன. அவ்வெண் காட்டும் இடத்துக்கு நம் கருவி செல்கின்றது. இப்பெயரையே ஆள்களப் பெயர் என்கின்றோம். அதனை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் குத்தகைக்கே பெறுகின்றனர். முதலில் கேட்டவனுக்கு முதலிற் கொடுப்பதே பொது வழக்கம். கேட்பவன் யார், அப்பெயரை எதற்குப் பயன்படுத்துவான் என்று பதிவு முகவர் வினவுவதில்லை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்கும் வினாக்களிற் பத்தில் ஒன்றும் அங்கே கேட்கப்படுவதில்லை என்றால் மிகையன்று. வசதிக்காகத் திறந்துவைத்த இவ்வாயிலின் வழியே வஞ்சகரும் நுழைந்தனர்.

முதலிற் பெயர்பெற்ற நிகழ்ச்சி அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகையைப் பற்றியது. வெள்ளை மாளிகையின் உண்மையான முகவரி ‘கவ்’ என்னும் அரச ஈற்றுடன் முடிவது. அதே பெயரை ‘கொம்’ என்னும் வணிக ஈற்றுடன் ஒருவர் பதிந்து, 1997ஆம் ஆண்டு தொடக்கம் ஆபாசத் தளமாக நடத்தினார். வீட்டுப்பாடத்துக்கென ஜனாதிபதிகளின் வரலாற்றைத் தேடிய அமெரிக்கச் சிறுவர் பலர் ஈற்றை மாற்றி எழுதியதனால் அத்தளத்தில் வீழ்ந்தனர். 2004ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர் அத்தொழிலைக் கைவிட முன்வந்தார். தம் மகன் பாலர் பள்ளிக்குச் செல்லும் பருவத்தை அடைவதே அதற்கு அவர் கூறிய காரணம். ஊரார் பிள்ளைகள் ஏழாண்டு வழிதவறியபோது தோன்றாத கூச்சம், தன் பிள்ளை பள்ளி வாயிலை அடைந்தபோது தோன்றியது. வேறு விமரிசனம் அதற்கு வேண்டுவதில்லை.

அவரினும் பெரியவர் ஜோன் சுக்காரினி என்பவர். வஞ்சகப் பெயர்களை ஒரு கைத்தொழிலாகவே வளர்த்தவர் இவர். சிறுவர் எழுத்துப் பிழை விடுவர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அப்பிழைகளையே முன்கூட்டிப் பதிந்து வைத்தார். டிஸ்னிலாந்து என்னும் பெயரின் ஆங்கில எழுத்துக்களில் ‘எஸ்’, ‘என்’ ஆகிய இரண்டையும் இடம் மாற்றினால் ஒரு பெயர். ‘பொப் த பில்டர்’ என்னும் சிறுவர் சித்திரத் தொடரின் பெயரில் ‘யூ’, ‘ஐ’ ஆகியவற்றை முன்பின்னாக்கினால் மற்றொரு பெயர். மழலையர் விரும்பும் ‘டெலிடபீஸ்’ தொடரின் பெயரையும் அவர் விட்டாரில்லை. ‘கார்ட்டூன் நெட்வேர்க்’ என்னும் நிறுவனத்தின் பெயரை மட்டும் 15 விதமாகவும், பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரை 41 விதமாகவும் அவர் பிழைபடப் பதிந்திருந்தார் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2001ஆம் ஆண்டில் நீதிமன்றத்துக்குச் சென்றபோது கூறியது. அவர் கைவசமிருந்த இத்தகைய பெயர்கள் 5,500க்கும் மேற்பட்டவை என்பதும் அதன் குற்றச்சாட்டு.

இதனால் அவருக்கு யாது பயன் என்று வினவலாம். தம் தளத்துக்கு ஆளனுப்புவோருக்கு விளம்பரக்காரர் தலைக்கு இவ்வளவு எனக் கூலி கொடுப்பர். ஒரு சொடுக்குக்கு 10 சதம் முதல் 25 சதம் வரை அவருக்குக் கிடைத்தது. அற்பத் தொகையே. ஆயின் பிழைவிடும் சிறுவரோ எண்ணற்றோர்; ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை அவர் ஈட்டினார் என்று வழக்குத் தொடுத்தோர் கணித்தனர். உள்ளே வந்தவர் எளிதில் வெளியேறாதிருக்கவும் அவர் வழி செய்திருந்தார். ஒரு சாளரத்தை மூடினால் இரண்டு திறக்கும். திரும்பிச் செல்லும் பொத்தானை அழுத்தினால் மேலும் ஒன்று திறக்கும். எலிப்பொறி என்றே இம்முறைக்கு அத்துறையினர் பெயரிட்டனர். ஒரு சிறுவன் தாயோ தந்தையோ வருமுன் அவற்றை மூடிவிட எண்ணித் தவிக்குந்தோறும் அவர் கணக்கில் மேலும் சில சதங்கள் ஏறின.

2002ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்வருவாயில் 18 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கையளிக்குமாறு கட்டளையிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. பணத் தண்டனையைச் சிலர் வியாபாரச் செலவாகவே கருதுவர் என்பதற்கு இஃது ஒரு சான்று. எனவே அமெரிக்கப் பாராளுமன்றம் வேறு வழியை நாடியது. 2003 ஏப்ரல் 30ஆந் திகதி ஜனாதிபதி புஷ் கைச்சாத்திட்ட ‘புரொடெக்ட்’ சட்டத்தினுள், ஆள்களப் பெயர்களில் உண்மை என்னும் பொருள்பட ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி சுக்காரினி புளோரிடாவில் ஒரு ஹோட்டல் அறையிற் கைதானார். அப்பிரிவின் கீழ் முதன்முதற் குற்றஞ்சாட்டப்பட்டவர் அவரே. டிசம்பரில் 49 குற்றச்சாட்டுகளை அப்பிரிவின் கீழும், சிறுவர் ஆபாசப் படங்களை வைத்திருந்தமைக்கு ஒன்றைத் தனியாகவும் ஒப்புக்கொண்டார். 2004 பெப்ரவரியில் 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அச்சட்டப் பிரிவு எழுதப்பட்ட முறை சட்டம் பயில்வோர் ஊன்றி நோக்கற்பாலது. அஃது ஆபாசத் தளம் நடத்துவதைக் குற்றமாக்கவில்லை. வயது வந்தோர் தாமாக நாடிச் சென்று காண்பதைப் பற்றியும் ஒன்றுங் கூறவில்லை. அறிந்தே வழிதவறச் செய்யும் பெயரைப் பயன்படுத்தல், ஏமாற்றும் நோக்கத்துடன் அதனைச் செய்தல் என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டுமே குற்றம். வயது வந்தோரை ஏமாற்றி ஆபாசத்தைக் காணச் செய்தால் ஈராண்டுச் சிறையும், சிறுவரை ஏமாற்றி அவருக்குத் தீங்கான காட்சியைக் காணச் செய்தால் நான்காண்டுச் சிறையும் உச்சத் தண்டனையாக முதலில் விதிக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் பின்னது பத்தாண்டாக உயர்த்தப்பட்டது. பாலியலைக் குறிக்கும் சொல் பெயரிலேயே வெளிப்படையாக இருக்குமாயின் அப்பெயர் வழிதவறச் செய்வதன்று என்றும் அப்பிரிவு கூறுகின்றது. அதாவது, சாராயக் கடை தன் பலகையில் சாராயக் கடை என்று எழுதியிருக்குமாயின் அதன்மேல் இச்சட்டம் பாயாது. பாற்சாலை என்று எழுதிச் சாராயம் வார்த்தாற்றான் பாயும். கருத்துச் சுதந்திரத்தைக் காத்தற்கும் சிறுவரைக் காத்தற்கும் ஒரே வேலியில் இடங்கண்ட இவ்வமைப்பு மெச்சத்தக்கதே.

இனி நம் நாட்டுச் சட்டங்களை நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்றும் நம் சட்டப் புத்தகத்தில் உளது. தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 286அ பிரிவு சிறுவரை ஆபாச வெளியீடுகளிற் பயன்படுத்துவதைத் தண்டிக்கின்றது. 2006ஆம் ஆண்டில் வந்த 286ஆ பிரிவு, கணினிச் சேவை வழங்குவோர் தம் சேவை சிறுவர் மீதான பாலியற் கொடுமைக்குப் பயன்படாமற் காக்கவேண்டுமெனப் பணிக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அத்துமீறிக் கணினியுட் புகுவதையும் தரவுகளைக் கெடுப்பதையும் முதன்மையாகப் பேசுகின்றது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி மோசடியைப் பேசுகின்றதாயினும், பொய்யான கூற்றுக்களை அடக்குதலிலேயே அதன் பெரும் பகுதி செலவாயிற்று. பேச்சுச் சுதந்திரத்துக்கு அதனால் வரும் கேட்டைப் பலரும் எடுத்துரைத்தனர். இவற்றுள் எதுவும் பெயரின் பொய்யை நேராகத் தொடவில்லை. நம் சட்டங்கள் சரக்கை நோக்குகின்றன. சரக்கின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை நோக்குவதில்லை.

தளங்களைத் தடுத்தல் என்பது நம் நாடு பழகிய வழி. நீதிமன்றக் கட்டளைகளின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2009ஆம் ஆண்டு முதல் ஆபாசத் தளங்கள் பலவற்றைத் தடுத்து வந்துளது. இவ்வழி தவறென்று யாம் கூறவில்லை. ஆயின் தடுத்தல் என்பது பெயர் தெரிந்த பின் செய்வது. சில டொலருக்கு ஒரு பெயர் கிடைக்கும் உலகில், இன்று தடுத்ததன் உடன்பிறப்பு நாளைக் காலை பிறந்துவிடும். நெல் வயலில் களை பிடுங்குபவன் விதை எங்கிருந்து வருகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். அன்றியும், தடுக்கும் அதிகாரம் ஒருமுறை கைக்கு வந்தால் அது எதனைத் தடுக்கும் என்பதற்கு எல்லை வகுத்தல் கடினம் என்பதை இம்மண்ணில் வாழ்ந்தோர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. போர்க்காலத்தே தமிழ்ச் செய்தித்தளங்கள் தடுக்கப்பட்டமை பலர் நினைவில் உளது. ஆதலினாற்றான், நோக்கத்தையும் பெயரையும் மட்டும் குறிவைக்கும் ஒடுங்கிய சட்டம், எதனையும் தடுக்க வல்ல அகன்ற சட்டத்தினும் நமக்கு ஏற்றது என்பது எம் துணிபு. தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு சிறு பிரிவே இதற்குப் போதும்: சிறுவரை ஏமாற்றும் நோக்குடன், அவருக்குத் தீங்கான காட்சியின் மேல் வஞ்சகப் பெயரைச் சூட்டுதல் குற்றம். நீதிபதி நோக்கத்தை ஆராய்ந்து தீர்ப்பார். அதிகாரி ஒருவரின் விருப்புக்கு இடமிராது.

அவ்வாறு ஒரு பிரிவு இருந்திருந்தால் ஆறாந் தர நூலின் முகவரிக்கு உரியவரைத் தண்டித்திருக்கலாமோ எனின், அஃது ஐயமே. பன்னாட்டில் இயங்கும் ஒரு தளத்தின் உரிமையாளர் இலங்கையின் பதினொரு வயதுப் பிள்ளையை எண்ணிப் பெயர் வைத்தார் என்று நிறுவுதல் எளிதன்று. பொதுவான ஓர் ஆங்கிலச் சொல்லை எவரும் எதற்கும் பதியலாம். சுக்காரினியின் பெயர்கள் பொய்யாகவே பிறந்தவை. வேறு சில பெயர்கள் இருபொருள் படுவன; அவற்றைப் பதிந்தவரிடம் வஞ்சம் இருந்தாலும் இராவிட்டாலும், திறந்து பாராமல் அச்சிற் கொடுப்பவரிடம் கவனக்குறைவு உண்டு. முன்னதற்கு மருந்து சட்டம். பின்னதற்கு மருந்து, முகவரியைத் திறந்து பார்க்கும் பழக்கம். பாடநூலில் வரும் கணக்கின் விடையை மும்முறை சரிபார்க்கும் நாம், அதில் வரும் முகவரியை ஒருமுறையேனும் திறந்து பாராது அச்சிடுதல் ஆகாது. அச்சிட்ட பின்னும் ஆண்டுதோறும் பார்த்தல் வேண்டும்.

பெயரைப் பறிகொடுத்தவருக்கு வழக்காடும் உரிமை உண்டு. 1999ஆம் ஆண்டில் ‘ஐகான்’ என்னும் உலகப் பெயர் நிர்வாக நிறுவனம் வகுத்த பிணக்குத் தீர்வு முறைப்படி, வணிகக்குறி உடையவர் வஞ்சகப் பெயரைத் தம்மிடம் மாற்றித் தருமாறு ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து நிறுவனத்திடம் முறையிடலாம். பிறர் குறியைக் கொண்டு ஆபாசத் தளத்துக்கு ஆட்சேர்த்தல் தீய நோக்கத்துக்குச் சான்றென அங்கே பல தீர்ப்புகள் உள. அயல்நாடாகிய இந்தியாவிலும், சத்யம் இன்போவே வழக்கில் 2004 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆள்களப் பெயரும் வணிகக்குறி போன்றே காக்கத்தக்கது என்றது. ஆயின் இவையெல்லாம் பெயருக்கு உரியவரின் உரிமைகள். டிஸ்னி நிறுவனம் வழக்காடலாம். ஏமாந்த பிள்ளை வழக்காட இடமில்லை. பிள்ளைக்காகப் பேச வேண்டியது அரசே.

இனி நம் வன்னிப் பிள்ளைகளின் நிலையைத் தனியே கூறல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. தந்தையின் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகள் உள. அதற்கு முன் இணையத்தைப் பொழுதுபோக்காகவும் அறியாத வீட்டுக்குள் அது ஆசிரியரின் வேடத்தில் நுழைந்தது. ஆசிரியர் அனுப்பிய முகவரியை ஐயுறுதல் ஆகாது என்று நாமே பிள்ளைகளுக்குப் பழக்கினோம். பிள்ளையைவிட இணையத்தை நன்கறிந்த பெற்றோர் நம் ஊர்களில் அரியர்.

இதனோடு மொழியால் வரும் இடரும் ஒன்று உண்டு. தமிழில் ‘ப’ என்னும் ஓரெழுத்து ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துக்களுக்கு நிற்கின்றது, ‘ட’வும் அவ்வாறே, ‘க’வும் அவ்வாறே. செவிக்கு ஒன்றாய்ப் படுவதை ஆங்கிலத்தில் எவ்வெழுத்தால் எழுதுவது என்று நம் பிள்ளை தயங்குகின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளை விரல் தவறுவதால் விடும் பிழையை, நம் பிள்ளை செவியை நம்புவதாலும் விடுகின்றது. பிழையை விலையாக்கும் வணிகனுக்கு இரண்டாம் மொழியிற் கற்கும் பிள்ளையே வளமான வயல். இப்பொருள் பற்றிய பேச்சுக்களில் இவ்வுண்மை இதுகாறும் உரிய இடம் பெறவில்லை. முகவரியைப் பிள்ளை தானே தட்டெழுதுமாறு விடாது, ஆசிரியர் ஆயத்தம் செய்த இணைப்பை நேரே தொடும்படி கொடுத்தல் எளிய காப்பு. பெயரை எண்ணாக்கும் இடத்திலேயே காவல் வைப்பதும் இயலும். கிளவுட்பிளேர் என்னும் நிறுவனம் 2020 ஏப்ரலிலிருந்து இலவசமாக நடத்தும் பெயர்ச்சேவைகளில் ஒன்றின் எண் 1.1.1.3, அஃது ஆபாசத் தளம் என்று அறியப்பட்ட பெயர்களுக்கு எண் தர மறுக்கின்றது. பாடசாலையின் இணையக் கருவியில் அவ்வெண்ணைப் பதித்தல் கணினி ஆசிரியருக்குச் சில நிமிட வேலையே. புதிதாய்ப் பிறந்த வஞ்சகப் பெயரை அஃது அறியாதிருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

தாய்மொழியிலேயே முகவரி இருந்தால் இவ்விடர் தீருமன்றோ என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ‘இலங்கை’ என்று தமிழெழுத்திலேயே முடியும் ஈறு 2010ஆம் ஆண்டில் உலகப் பெயரேட்டில் இடம்பெற்றது. ‘லங்கா’ என்னும் சிங்கள ஈறும் உடன் வந்தது. நாம் அதனை இன்னும் பெரிதாகப் பயன்படுத்தினோமில்லை. எனினும் தமிழெழுத்திலும் போலி செய்ய இடமுண்டு. ‘ஔ’ என்னும் உயிரெழுத்தையும், ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்து நிற்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, கணினிக்கோ அவை வெவ்வேறு. ‘கௌரி’ என்னும் பெயரை இருவிதமாக எழுதி இரு வேறு முகவரிகளாக்கலாம். பழைய தமிழ் எண்களுள் ஒன்றைக் குறிப்பது ‘க’வையும், இரண்டைக் குறிப்பது ‘உ’வையும் ஒத்திருப்பதை முதியோர் அறிவர். பெயர்களைப் பதியும் நிறுவனங்கள் இத்தகைய இரட்டைகளை ஒருவருக்கே ஒதுக்கும் விதிகளை இயற்றிக் காத்தல் வேண்டும். தமிழிலக்கணம் பயின்றோரும் கணினி பயின்றோரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடமும், 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமாய் விளங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும் நம் அயலிலேயே உள.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு நேரே உரியதொன்று. பெயர் குத்தகைப் பொருள் என்று மேலே கூறினோம். குத்தகைப் பணம் கட்டப்படாவிடின், சிறிது காலத் தவணையின் பின் அப்பெயர் சந்தைக்கு வரும், எவரும் எடுக்கலாம். ‘விட்மி’ என்னும் காணொளித் தளம் 2017 டிசம்பரில் மூடப்பட்டது. பின்னர் அதன் பெயர் ஓர் ஆபாசத் தளத்தின் கைக்கு மாறியது. 2021 ஜூலையில், ‘வாஷிங்டன் போஸ்ட்’ முதலிய பெரும் பத்திரிகைகளின் பழைய இணையக் கட்டுரைகளில், முன்பு அத்தளத்திலிருந்து எடுத்துப் பதித்திருந்த காணொளிகளின் இடத்தில் ஆபாசக் காட்சிகள் தோன்றலாயின. பத்திரிகைகள் தம் பக்கத்தில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. பலகை அவ்வாறே நிற்க, அது காட்டிய நிலம் கைமாறிவிட்டது.

நம் பாடசாலைகளின் இணையத்தளங்கள் பெரும்பாலும் எவ்வாறு பிறக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் ஆர்வமுள்ள பழைய மாணவர் ஒருவர் தம் சொந்தப் பெயரில், தம் கடனட்டையில், ‘கொம்’ என முடியும் பெயரொன்றை எடுக்கின்றார். விழா மலர்களின் பின்னட்டையில் அது பெருமையுடன் அச்சாகின்றது. அவர் தொழில் மாறுகின்றார், அட்டை காலாவதியாகின்றது, நினைவூட்டும் கடிதம் அவர் கைவிட்ட மின்னஞ்சலுக்குப் போகின்றது. பெயரின் ஆயுள் ஓராண்டு. மலரின் ஆயுளோ ஐம்பதாண்டு. பெயரனுக்குத் தம் கல்லூரியைக் காட்ட விரும்பும் பாட்டனார் அலுமாரியிலிருந்து மலரை எடுத்து, அதிலுள்ள முகவரியைத் தட்டெழுதச் சொல்வார். அங்கே யாது தோன்றும் என்பதை இன்றே நாம் தீர்மானித்தல் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கெனவே ஓர் ஒழுங்கு உண்டு. எல்.கே. என்னும் இலங்கையின் ஈற்றுக்கு முன்னே, பாடசாலைகளுக்கென ‘எஸ்.சி.எச்.’ என்னும் தனிப் பிரிவை அதன் பதிவகம் வகுத்துள்ளது. கல்லூரியின் முகவரி அப்பிரிவில், தனியாள் எவர் பெயரிலுமன்றி அதிபர் பதவியின் பெயரிற் பதியப்படல் நலம். புதுப்பிக்கும் திகதி அதிபர் அறையிலுள்ள பதிவேட்டிலும், பழைய மாணவர் சங்கப் பொருளாளரின் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படல் வேண்டும். பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது அக்கட்டணம் செலுத்திய வரியும் வாசிக்கப்படட்டும். முன்னர் எடுத்த ‘கொம்’ பெயர் ஏதேனும் இருப்பின், பயன்படாதாயினும் அதனைக் கைவிடலாகாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி வெறுமனே வைத்திருத்தலே தகும். இம்மலரின் பின்னட்டையில் முகவரி ஏதும் அச்சாகுமாயின், அச்சுக்குச் செல்லும் நாளன்று காலையில் மலர்க் குழுவினர் ஒருவர் அதனைத் தம் கையாலேயே தட்டெழுதித் திறந்து பார்ப்பாராக.